13-வது ரவுண்டில் விழுந்த அலி: நடக்காத ஒரு சண்டையின் ஆய்வு

1970 ஜனவரி 20. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா என்று சுமார் 1,500 தியேட்டர்களில் ஒரே ஒரு காட்சியாக ஒரு ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் படம் ஓடியது. ஒரு மூலையில் முகமது அலி: 29 சண்டை, 29 வெற்றி. எதிர் மூலையில் ராக்கி மார்சியானோ: 49 சண்டை, 49 வெற்றி. அமெரிக்காவில் காட்டிய பிரதியில், 13-வது ரவுண்டில் அலி தரையில் சாய்ந்தார், ரெஃப்ரி பத்து எண்ணி முடித்தார், மார்சியானோ கையைத் தூக்கினார். அதைப் பார்த்துக் கைதட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகவே தெரியும்: மார்சியானோ இறந்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. முந்தைய ஆகஸ்ட் 31 அன்று, 46-வது பிறந்தநாளுக்கு முதல்நாள், அயோவா மாநிலத்தின் நியூட்டன் அருகே சிறிய விமானம் ஒன்று விழுந்ததில் அவர் உயிரிழந்தார்.

சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. இருவரும் நடித்தார்கள், முடிவைச் சொன்னது கம்ப்யூட்டர் என்பது விளம்பரம். வெவ்வேறு காலத்து வீரர்களை மோதவிட்டுப் பார்க்கும் ஆசை குத்துச்சண்டை அளவுக்கே பழையது. ஆனால் அந்த ஆசைக்கு இவ்வளவு பணமும் மெனக்கெடலும் போட்டு, நிஜ வீரர்களையே கூட்டிவந்து முடிவு சொன்னது இந்த ஒரு தடவைதான். அதனாலேயே இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அந்தப் படம் சொன்ன பதில் தப்பா சரியா என்பதைவிட, அது கேட்ட கேள்வியே முழுசாக இல்லை என்பதுதான் என் கட்சி.

வானொலியில் ஆரம்பித்த கதை

மர்ரே வொரோனர் மியாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர். 1967-ல் அவருக்கு ஒரு யோசனை. ஜான் எல். சல்லிவன் காலம் முதல் அலி காலம் வரை 16 ஹெவிவெயிட் வீரர்களை எடுத்து, தோற்றவர் வெளியேறும் முறையில் ஒரு போட்டித் தொடர் நடத்துவது. ஒவ்வொரு சண்டையையும் நேரடி வர்ணனை போலவே வானொலியில் ஒலிபரப்புவது. குத்துச்சண்டை எழுத்தாளர்கள், விவரம் தெரிந்தவர்கள் என்று 250 பேருக்குக் கேள்வித்தாள் போனது. ஒவ்வொரு வீரனின் வேகம், அடியின் கனம், அடி தாங்கும் சக்தி, தோல் எவ்வளவு சீக்கிரம் கிழியும் என்பதையெல்லாம் எண்களாக மாற்றி, என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். அது ரவுண்டு வாரியாகத் துப்பியதை வைத்து வர்ணனையாளர் குரலெழுப்பிப் பேச, பின்னால் கூட்டத்தின் சத்தம்.

இறுதிச் சுற்றில் மார்சியானோ ஜாக் டெம்ப்சியை வீழ்த்தினார். எத்தனையாவது ரவுண்டில்? 13. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

அலி கால் இறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரீஸிடம் புள்ளிக் கணக்கில் தோற்றார். இது வெறும் ஒரு முடிவு இல்லை. தோல்வியே காணாமல் ஓய்வு பெற்ற ஜெஃப்ரீஸை, 1910-ல் கருப்பினச் சாம்பியன் ஜாக் ஜான்சனைத் தோற்கடித்து 'வெள்ளையர் மானத்தை மீட்க' என்று வற்புறுத்தித் திரும்ப அழைத்துவந்தார்கள். ரீனோவில் நடந்த அந்தச் சண்டையில் 15-வது ரவுண்டில் அவர் அடிபட்டு நின்றுபோனார். அந்த ஜெஃப்ரீஸிடம் தான் தோற்றதாக வானொலி சொன்னதைக் கேட்ட அலிக்கு எப்படி இருந்திருக்கும்! அப்போது அவர் நிலைமையும் சரியில்லை. வியட்நாம் போருக்குப் படையில் சேர மறுத்ததால் 1967 ஏப்ரலில் பட்டமும் உரிமமும் பறிபோயின. ஜூனில் தண்டனைத் தீர்ப்பு. மேல்முறையீட்டில் வெளியே இருந்தாலும் ரிங்கில் ஏற முடியாது. மிச்சமிருந்தது 'தோற்காதவன்' என்ற பெயர் ஒன்றுதான். அதையும் ஒரு இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வொரோனர் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

வொரோனர் பிழைக்கத் தெரிந்தவர். வழக்கையே அடுத்த வியாபாரமாக்கினார். பத்தாயிரம் டாலரும் வசூலில் ஒரு பங்கும் தருகிறேன், மார்சியானோவோடு நடித்துக் கொடு என்றார். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசிக் காலம் தள்ளிக்கொண்டிருந்த அலி ஒத்துக்கொண்டார்.

மியாமி ஸ்டுடியோ

1969 கோடையில் வெளியாள் யாரும் பார்க்காதபடி படப்பிடிப்பு நடந்தது. அலிக்கு 27 வயது. இரண்டு வருடத்துக்கு மேல் சண்டை இல்லாததால் இடுப்பில் சதை போட்டிருந்தது. மார்சியானோவுக்கு 45 வயது. ஓய்வு பெற்றுப் 13 வருடம். இந்தப் படத்துக்காக அவர் இருபது கிலோவுக்கு மேல் எடை குறைத்தார், வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டார். ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கும் மேல் எடுத்தார்கள். ரத்தத்துக்குச் சாயம். நடுவில் ஒருமுறை அலியின் குத்தில் விக் பறந்துவிட்டது, படப்பிடிப்பே நின்றது.

முடிவுகளைப் பலவிதமாக எடுத்து வைத்தார்கள். அலி விழுவது, மார்சியானோ விழுவது, காயத்தால் நிறுத்துவது எல்லாம் உண்டு. எது திரையில் வரும் என்று இரண்டு பேருக்குமே சொல்லவில்லை. மார்சியானோ கடைசிவரை தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அமெரிக்காவில் காட்டிய பிரதியில், ரத்தம் வழிய, பின்தங்கியிருந்த மார்சியானோ 13-வது ரவுண்டில் அலியைச் சாய்க்கிறார். ஐரோப்பாவில் வேறொரு பிரதி காட்டப்பட்டது. அதில் மார்சியானோவின் காயத்தால் சண்டை நிறுத்தப்பட்டு அலி ஜெயிக்கிறார். ஒரே கம்ப்யூட்டர், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு முடிவு, அந்தப் பக்கம் இன்னொன்று. அந்தக் கம்ப்யூட்டரை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்தார். நிறவெறிக்குப் பேர்போன மாநிலத்தைச் சொல்லி அடித்த அந்தக் கிண்டலில் முழு விமர்சனமும் அடங்கிவிடுகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 1970-ல் அமெரிக்காவில் பாதிப் பேருக்கு அலி தேசத்துரோகி. மார்சியானோவோ தோற்காத வெள்ளைக்காரச் சாம்பியன், அதிலும் அப்போதுதான் இறந்தவர். எந்த முடிவுக்கு டிக்கெட் விற்கும் என்று யோசிக்க இயந்திரம் தேவையில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் சுவாரசியமான பகுதியைத் தவறவிடுவோம். கம்ப்யூட்டர் நேர்மையாகவே ஓடியது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பதில் நிற்காது.

உள்ளே போனது என்ன

முதலில் அந்த 13. மார்சியானோ பட்டம் வென்ற இரவைப் பார்க்க வேண்டும்: 1952 செப்டம்பர் 23, ஃபிலடெல்ஃபியா. எதிரே அப்போதைய சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட், 38 வயது. முதல் ரவுண்டிலேயே வால்காட்டின் இடது ஹூக் (கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்து) பட்டு மார்சியானோ விழுந்தார். தொழில்முறைச் சண்டையில் அவர் தரையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நடுவில் கண்ணில் ஏதோ மருந்து பட்டு ஓரிரு ரவுண்டு சரியாகப் பார்க்கவே முடியாமல் திணறினார். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் புள்ளி அட்டையிலும் வால்காட்தான் முன்னணி. 13-வது ரவுண்டில் வால்காட் பின்வாங்கிக் கயிற்றில் முதுகு பட நின்றார். இருவரும் ஒரே நேரத்தில் வலது கையை விட்டார்கள். மார்சியானோவுடையது குட்டையான வீச்சு, அதனால் முன்னால் போய்ச் சேர்ந்தது. வால்காட்டின் முகம் கோணிப்போன அந்தக் கணத்தின் புகைப்படம் இன்றும் பிரபலம். அவர் இடது கை நடுக் கயிற்றில் மாட்டிக்கொள்ள, அப்படியே முழங்கால் மடங்கி இறங்கினார், நெற்றி தரையில் பட்டது.

பின்தங்கிய மார்சியானோ, ரத்தம், நழுவி ஓடும் எதிரி, 13-வது ரவுண்டு, ஒரே அடி. படத்தின் கிளைமாக்ஸ் இதுவேதான், வால்காட் இருந்த இடத்தில் அலி. டெம்ப்சிக்கும் அதே 13. இயந்திரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1952-ன் நினைவு 250 பேர் மனதில் பதிந்திருந்தது, அவர்கள் அதை எண்ணாக எழுதிக் கொடுத்தார்கள், அது எண்ணாகவே திரும்பி வந்தது. நான் இதை நிரூபிக்க முடியாது, ஆனால் மூன்று இடத்தில் அதே ரவுண்டு என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கவும் மனசு வரவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை அலி பக்கம். 1967-ல் அலியின் தாடை எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் இருந்த சாட்சி இரண்டுதான்: 1962-ல் சோனி பேங்க்ஸ் ஒருமுறை விழவைத்தார், 1963-ல் லண்டனில் ஹென்றி கூப்பரின் இடது ஹூக் அவரைக் கயிற்றோரம் உட்காரவைத்தது. 'அழகாக ஆடுவான், அடி பட்டால் நிற்பானா?' என்பதுதான் அன்றைய சந்தேகம். அதற்கான பதில் பின்னால்தான் வந்தது. 1971 மார்ச் 8 அன்று ஜோ ஃப்ரேசியர் 15-வது ரவுண்டில் போட்ட ஹூக்கில் மல்லாந்து விழுந்தும் உடனே எழுந்தார். 1974-ல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மேனின் அடியைக் கயிற்றில் சாய்ந்து ஏழு ரவுண்டு வாங்கிவிட்டு எட்டாவதில் அவரையே வீழ்த்தினார். சாட்சி வருவதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். முடிந்துபோன 49 சண்டைகளின் ஆளையும் பாதியில் நிற்கும் 29 சண்டைகளின் ஆளையும் ஒரே அட்டவணையில் வைத்தால், முடிந்தவர் பக்கம்தான் எடை சாயும்.

யாருடைய விதி?

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். கனவுச் சண்டை பேசும் எல்லோரும் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த வயது ஆள் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். எந்தக் காலத்து விதியில் மோதுகிறார்கள் என்று சொல்வதே இல்லை. ஒரு வீரனின் சாதனைப் பட்டியலில் பாதி அந்த விதியின் வேலை.

மார்சியானோவின் பூஜ்யத்தையே எடுப்போம். இன்று பட்டச் சண்டை 12 ரவுண்டு. 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மான்சினியோடு 14-வது ரவுண்டு வரை மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாளில் இறந்ததும்தான் 15 ரவுண்டு வழக்கம் ஒழிய ஆரம்பித்தது. ஃபிலடெல்ஃபியா சண்டை 12 ரவுண்டாக இருந்திருந்தால்? வால்காட் புள்ளிக் கணக்கில் சாம்பியனாகவே வீட்டுக்குப் போயிருப்பார். 12-தான் என்று தெரிந்திருந்தால் மார்சியானோ முன்கூட்டியே வேகம் கூட்டியிருப்பார் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் 38 வயது வால்காட்டும் மூன்று ரவுண்டுக்கான மூச்சை மிச்சம் பிடித்து வைக்கத் தேவையிருந்திருக்காது.

அடுத்தது 1954 செப்டம்பர் 17, யாங்கி ஸ்டேடியம், எஸ்ஸார்ட் சார்ல்ஸோடு இரண்டாவது சண்டை. ஆறாவது ரவுண்டில் மார்சியானோவின் மூக்கு நுனி இரண்டாகப் பிளந்தது. கீறல் இல்லை, பிளவு. ரத்தம் நிற்கவே இல்லை. மூலையில் காயம் பார்க்கும் ஃப்ரெடி பிரவுன் என்ன அழுத்திப் பார்த்தும் பலனில்லை. சண்டையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்த மார்சியானோ எட்டாவது ரவுண்டில் பாய்ந்து சார்ல்ஸை முடித்தார். இன்றைய ரிங் டாக்டர் அந்த மூக்கை ஏழாவது ரவுண்டு பார்க்க விட்டிருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. 49-0 என்பது பொய் என்று சொல்லவரவில்லை. அது 15 ரவுண்டும், மூக்கு பிளந்தாலும் ஆடவிடும் டாக்டரும் இருந்த காலத்தின் 49-0. அந்தக் காலத்தை மார்சியானோ கூடவே எடுத்துவரலாமா கூடாதா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

எடை இன்னொரு தகராறு. பட்டம் வைத்திருந்த நாளில் மார்சியானோ சுமார் 84 கிலோ. இன்று அந்த எடைக்கு க்ரூஸர்வெயிட் என்று தனிப் பிரிவு உண்டு, வரம்பு 90.7 கிலோ. அதனால் பிரிட்டன் ஹெவிவெயிட் டைசன் ப்யூரியோடு மார்சியானோ என்று சிலர் போடும் பட்டியலைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். உக்ரைன் வீரர் உசிக் க்ரூஸர்வெயிட்டிலிருந்து வந்து ப்யூரியை 2024-ல் இரண்டு தடவை ஜெயிக்கவில்லையா என்பார்கள். ஜெயித்தார். உசிக் ஆறடி மூன்று அங்குலம்; ப்யூரியோடு மோதும்போது நூறு கிலோ இருந்தார். மார்சியானோ ஆறடிகூட இல்லை.

சரி, யார் ஜெயிப்பார்?

இவ்வளவு சொல்லிவிட்டு நழுவினால் நன்றாக இருக்காது. என் கணக்கு இது. விதி: 15 ரவுண்டு, 1960-களின் ரெஃப்ரி. இரண்டு அலியை வைத்துப் பார்க்கிறேன், ஏனென்றால் அலி ஒருத்தர் இல்லை.

முதல் அலி, 1966-67-ன் அலி. 96 கிலோ, ஆறடி மூன்று அங்குலம், கை எட்டும் நீளம் 78 அங்குலம். மார்சியானோவுக்கு அதைவிடப் பத்து அங்குலம் குறைச்சல். இந்த அளவில் மார்சியானோ சந்தித்த பெரிய ஆள் என்றால் 1951-ன் ஜோ லூயிஸ். அவர் அப்போது 37 வயது, ஓய்விலிருந்து திரும்பியவர், கால் ஓடவில்லை. அப்படியும் எட்டாவது ரவுண்டில் விழும்வரை அவரது ஜாப் (முன்னால் நீட்டிய கையால் நேராக விடும் குத்து) மார்சியானோவைத் தொந்தரவு செய்தது. லூயிஸுக்குப் பன்னிரண்டு வயதைக் கழித்து, கால் வேகத்தைக் கூட்டினால் வருவது அலி. இன்னொன்று, அலியை நிஜமாகவே நன்றாகச் சாய்த்த மூன்று அடிகளும், அதாவது பேங்க்ஸ், கூப்பர், ஃப்ரேசியர் மூவருடையதும், இடது ஹூக். மார்சியானோவின் பேர்போன அடி வலது கை. அவரிடம் இடதும் இருந்தது, ஆனால் அதை நம்பி அவர் சண்டையைக் கட்டவில்லை. அப்புறம் தோல். கூப்பரின் புருவத்தை அலி இரண்டு சண்டையிலும் கிழித்திருக்கிறார், 1966-ல் ஆறாவது ரவுண்டிலேயே நிறுத்தினார்கள். குத்துக்குக் குத்து முன்னேறி வரும் மார்சியானோ அந்தக் கைக்கு முகத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒன்பது, பத்தாவது ரவுண்டு வாக்கில் காயத்தால் நிறுத்தம், அலி வெற்றி. ஐரோப்பியப் பிரதிதான் எனக்குச் சரியாகப் படுகிறது, அதை எடுத்தவர்கள் என்ன நினைத்து எடுத்தார்களோ.

மார்சியானோவுக்கு வாய்ப்பே இல்லையா என்றால், உண்டு. பயிற்சியாளர் சார்லி கோல்ட்மேன் அவரை இன்னும் குனியச் சொல்லிக் கொடுத்திருந்தார்; குட்டை ஆள் மேலும் குட்டையாகி அடியிலிருந்து வந்தால் உயரமானவனின் ஜாப் கீழ்நோக்கி இறங்க வேண்டும், அதில் வேகம் குறையும். குனிந்து முட்டி வருபவர்களிடம் அலி எப்போதும் கஷ்டப்பட்டிருக்கிறார், 1970 டிசம்பரில் ஆஸ்கர் பொனவேனாவிடம் 15-வது ரவுண்டு வரை இழுபட்டார். ஆனால் அது மூன்றரை வருட இடைவெளிக்குப் பின் கால் கனத்துத் திரும்பிய அலி.

அந்த இரண்டாவது அலிதான் மார்சியானோவுக்கு ஏற்ற எதிரி. 1974-க்குப் பிந்தைய அலி கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தையும் விலாவையும் மூடிக்கொண்டு எதிரியைக் களைக்க விடுவார். ஃபோர்மேன் எட்டு ரவுண்டில் மூச்சு வாங்கினார். அதனால் அந்தத் தந்திரம் மேதைமை ஆனது. மார்சியானோ 15 ரவுண்டும் அதே வேகத்தில் அடிப்பவர். முகம் கிடைக்காவிட்டால் கிடைத்ததை அடிப்பார். 1953 செப்டம்பரில் ரோலண்ட் லாஸ்டார்ஸா கைகளை இறுக்கிப் பிடித்துத் தடுத்துக்கொண்டே இருந்தார்; மார்சியானோ அந்தக் கைகளையே ரவுண்டு ரவுண்டாக அடித்து ரத்த நாளங்களை உடைத்தார், கடைசியில் லாஸ்டார்ஸாவுக்குத் தடுக்கக் கை எழவில்லை, 11-வது ரவுண்டில் சண்டையை நிறுத்தினார்கள். கயிற்றில் சாய்ந்து நிற்கும் 33, 34 வயது அலியின் முன்னங்கைகள் மேல் அப்படி ஒருவர் பன்னிரண்டு, பதின்மூன்று ரவுண்டு வேலை செய்தால், நான் பணத்தை மார்சியானோ மேல்தான் கட்டுவேன். 12 ரவுண்டு சண்டை என்றால் கட்ட மாட்டேன்.